மார்கழி லீவுக்கு எந்த நாவல், யாருக்கு எது

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வேலை. கிறிஸ்மஸிலிருந்து தைப்பொங்கல் வரை லீவு சேர்த்துப் போட்டு மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலை மலைநாட்டுக்கு, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு வருகிறீர்கள். குளிரில் போர்த்திக்கொண்டு வாசிக்க உங்களுக்குச் சில புதிய நாவல்கள் வேண்டும். அதோடு மூன்று பேருக்குப் பரிசாகவும் வேண்டும்: முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் போனும் கையுமாக இருக்கும் தம்பி, உங்களுக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர். "நம்ம மலையகத்தப் பத்தினதா இருந்தா நல்லம்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. நீங்கள் பட்டியல் கேட்கவில்லை. கொடுக்கிற புத்தகம் அலுமாரிக்குள் போய் முடங்காமல் வாசிக்கப்பட வேண்டும், அதுவும் நம்முடையது என்ற உணர்வோடு வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

மலையகத்தில் ஒரு சிறு நகரத்துப் பொது நூலகத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசிக்கிறோம். நூலகத்தில் ஒரு நாவல் உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா என்று பார்க்கப் பதிவேடு தேவையில்லை. புத்தகத்தை மூடிவைத்து, பக்கங்களின் வெளி ஓரத்தைப் பார்த்தால் போதும். விரல் பட்ட இடமெல்லாம் மெல்லிய சாம்பல் நிறமாகியிருக்கும். சில புத்தகங்களில் அந்த நிறம் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு கடையில் வாங்கிய வெள்ளை அப்படியே இருக்கும். பெரிய விருது வாங்கிய நாவல்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பேர் தெரியாத எழுத்தாளரின் புத்தகம் கடைசிப் பக்கம் வரை கறுத்துப்போய், முதுகு கிழிந்து, தைத்துக் கொடுக்கச் சொல்லி வந்ததும் உண்டு. நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த ஓரங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"புதிய" என்ற சொல்லில் கொஞ்சம் இளக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான நாவல்கள் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் வெளிவரும். அவை கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஹட்டனுக்கு வருவதற்குள் பல மாதம் போய்விடும். ஆகவே இந்த மார்கழியில் நம் கைக்குக் கிடைப்பது போன வருடத்துப் புதிது, இல்லாவிட்டால் அதற்கும் முந்தியது. அதில் குறை ஒன்றும் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்து, ஆரவாரம் அடங்கிய பிறகும் ஆட்கள் தேடிவந்து கேட்கிற நாவல்களைத்தான் நான் புதிது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, அம்மாவிலிருந்து தொடங்குவோம். இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது, பிழை செய்து கற்ற அனுபவம். என் பெரியம்மாவும் கொழுந்து பறித்தவர்தான், முப்பத்தைந்து வருடம். ஓய்வு எடுத்த பிறகு எழுத்துக்கூட்டி நன்றாக வாசிப்பார். ஒரு பொங்கலுக்கு, நம் வாழ்க்கையை எழுதிய ஒரு நாவலை ஆசையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்படியில் குந்தியிருந்து, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பக்கம் வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "இதத்தானே நான் வெடியக்காலம் எந்திரிச்சு பாத்தேன். மழையில நனஞ்சத மறுபடியும் படிச்சு நனையணுமா? வேற என்னமாச்சும் இருந்தா குடு" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடியதும், பறித்த கொழுந்தில் றாத்தல் குறைந்ததற்கு ஏச்சு வாங்கியதும், லயம் என்ற வரிசை வீட்டின் கூரை ஒழுகியதும் அவருக்குக் கதை இல்லை. அது உடம்பில் இருக்கிறது. தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் நாவல் முதலில் போய்ச்சேர வேண்டியது அந்த வாழ்க்கையிலிருந்து விலகிப்போன பிள்ளைகளுக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. எல்லா அம்மாக்களும் அப்படி இல்லை, இதை விதியாக எடுக்க வேண்டாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். 'எரியும் பனிக்காடு' என்ற தேயிலைத் தோட்டத்து நாவல் சத்தமாக வாசிக்கப்பட்டபோது, அட்டை கடிக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் இருந்த தழும்புகளைக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. ஆகவே அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். கேட்க முடியாவிட்டால் வேறு உலகத்துக் கதையைக் கொடுப்பது பாதுகாப்பு.

அப்படி நான் பெரியம்மாவுக்குக் கொடுத்து வென்ற புத்தகம் ஜெயமோகனின் 'குமரித்துறைவி'. 2021இல் வந்தது, சின்ன நாவல்தான். படையெடுப்புக் காலத்தில் மதுரை மீனாட்சியைக் கொண்டுவந்து வேணாட்டில், ஆரல்வாய்மொழியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நாடு அமைதியான பிறகு அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வளர்த்த மகளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா என்று ஒரு நாடே கல்யாண வேலையில் இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. சதி இல்லை, சாவு இல்லை, யாரும் யாரையும் கவிழ்க்கவில்லை. ஒரு கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிய வேண்டுமே என்ற பதற்றம் மட்டும் கடைசி வரை இருக்கும். பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்த எந்த அம்மாவுக்கும் அந்தப் பதற்றம் தெரியும். தொடக்கத்தில் அரண்மனைப் பதவிப் பேர்கள், பழைய ஊர்ப் பேர்கள் அடுக்கி வரும், அங்கே தடக்குப்படும். அதைத் தாண்ட நீங்கள் கூட இருக்க வேண்டும்.

இன்னொன்று பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016இல் வந்தது. ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் கிடைத்த கறுப்பு ஆட்டுக்குட்டியின் வாழ்க்கை, வாக்கியங்கள் சின்னவை, எளியவை. லயத்தில் ஆடு வளர்த்தவர்களுக்கு அதில் வரும் குட்டியின் பசியும் சேட்டையும் யாரும் விளக்காமலே புரியும். அதைவிட எனக்கு முக்கியமான ஒரு இடம் இருக்கிறது. குட்டியைக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் பதிய வேண்டும், காது குத்த வேண்டும், இது எங்கிருந்து வந்தது, எப்படி உன்னிடம் வந்தது என்ற கேள்விகளுக்கு வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு அது அரசாங்கத்தைப் பற்றிய ஒரு பகடியாகப் படலாம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி எந்த வருடம் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று நிரூபிக்கக் கடதாசி தேடி அலைந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு அந்த வரிசை வேறு மாதிரி வாசிக்கப்படும். தோட்டம் என்ற சொல்லே இல்லாமல் நம் கதை அதற்குள் இருக்கிறது. ஒன்று மட்டும், முடிவு மனதைக் கனக்க வைக்கும். அம்மா இந்த வருடம் யாரையாவது இழந்திருந்தால் இதை விட்டுவிட்டு முன்னே சொன்னதைக் கொடுங்கள்.

தம்பிக்கு எதைக் கொடுப்பது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. போனில் மூழ்கியிருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் எதை எடுத்தால் கீழே வைக்க மாட்டான் என்பதை நான் பல தடவை பிழையாகத்தான் கணித்திருக்கிறேன். ஆனாலும் தோட்டத்து நாவல் கொடுக்க வேண்டுமென்றால் அது அவனுக்குத்தான். மேலே சொன்ன 'எரியும் பனிக்காடு' தமிழ்நாட்டு வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. அங்கே மருத்துவராக வேலை செய்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இதுதான். படத்தைப் போனில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தைக் கொடுங்கள், அந்த வரிசையில் கொடுத்தால் இளைஞர்கள் வாசிக்கிறார்கள். படத்தில் இல்லாத எவ்வளவோ புத்தகத்தில் இருக்கிறது. இது நம் மலை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கூட்டிவந்த முறை, கடனில் கட்டிப்போட்ட முறை, துரைமார் நடந்துகொண்ட முறை எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்வதே அவனுக்கு ஒரு பாடம்.

நம் நாட்டுக் கதையே வேண்டுமென்றால் பிரமிளா பிரதீபனின் 'கட்டுபொல்'. எழுதியவர் நம் மலையகத்துப் பெண். கட்டுபொல் என்று சிங்களத்தில் சொல்வது எண்ணெய்ப் பனையை. தேயிலையும் இறப்பரும் இருந்த தெற்குப் பக்கத்துத் தோட்டங்களில் அந்த மரம் வந்த பிறகு அங்குள்ள நம் சனத்தின் பாடு என்ன ஆனது என்பதைச் சொல்கிறது. மலையகத் தமிழர் என்றால் நுவரெலியா, பதுளை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். காலி, களுத்துறை, மாத்தறைத் தோட்டங்களில் இருப்பவர்களை நாமே மறந்துவிடுகிறோம். 2021இல் அரசாங்கம் எண்ணெய்ப் பனையைத் தடைசெய்தபோது செய்திகளில் மண், நீர் என்று பேசினார்கள், அந்த மரத்தடியில் முள்ளுக் குத்துப்பட்டு வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்த நாவல் அதற்கு முன்பே, 2017இல், அவர்களைப் பற்றிப் பேசிவிட்டது. தம்பி இதற்கும் மசியாவிட்டால் சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'. இரண்டு பெரிய தொகுதி, விலை கூட, ஆனால் வேகம் இருக்கிறது. எங்கள் ஊரில் வேறு எந்த நாவலும் வாசிக்காத பையன்கள் இதை முடித்திருக்கிறார்கள். மலையில் பிறந்தவனுக்குப் பறம்பு மலையின் காடும் செடிகொடியும் பிடிக்கும்.

டீச்சர் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. மலையகத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர் என்றால் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை', தி. ஞானசேகரனின் 'குருதிமலை' எல்லாம் பெரும்பாலும் வாசித்திருப்பார். அதில் எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் வாசிக்காமல் இருந்தால், போய் அவரிடம் இரவல் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை, உண்மையாகவே சொல்கிறேன். அவருக்குக் கொடுக்க நான் தேர்ந்தெடுப்பது சயந்தனின் 'ஆதிரை', 2015இல் வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய நம் சனங்களும், அவர்களைச் சுற்றி வளர்ந்த போரும் அதில் வருகிறது. போரைப் பற்றி நிறைய நாவல் வந்திருக்கிறது. அந்தப் போருக்குள் மலையகத்தார் எப்படி அகப்பட்டார்கள், அங்கேயும் எப்படி ஒரு படி கீழே வைக்கப்பட்டார்கள் என்பதை இவ்வளவு விரிவாக எழுதியதை நான் வேறெங்கும் வாசிக்கவில்லை. டீச்சரிடம் படித்த பிள்ளைகளின் சொந்தக்காரர் யாராவது கிளிநொச்சிப் பக்கம் போய்த் திரும்பாமலே இருந்திருப்பார்கள், அவருக்கு இது வெறும் நாவலாக இருக்காது. ஆனால் 600 பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம், கையில் பிடிக்கக் கனம். கை நடுங்கும் வயது, கண்ணில் கற்றரக்ட் (கண்புரை) என்றால் வேண்டாம். அப்போது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொடுங்கள். 2023இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது, அளவில் சிறியது. கொங்கு நாட்டில் முடிதிருத்தும் குடும்பம் ஒன்றில் ஒரு சாவு விழுகிறது, அந்த வீட்டைச் சுற்றி உறவுகளின் பழைய கோபங்களும் பாசங்களும் அவிழ்கின்றன. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே" பாட்டிலிருந்து எடுத்தது என்பதை டீச்சர் அட்டையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். உங்களுக்கும் அவருக்கும் பேச்சுத் தொடங்க அது போதும்.

அப்புறம் நீங்கள். கொழும்பில் வேலை செய்கிற மலையகத்துப் பிள்ளை என்பதால் தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' உங்களுக்கு. போர்க்காலத்தில் கொழும்பில், சந்தேகத்தின் பேரில் பிடித்துச்செல்லப்படும் ஒரு மலையகத் தமிழரின் கதை. 2010இல் வந்தது, சிறியது, ஒரு நாளில் முடித்துவிடலாம். அவர் 2022இல் காலமானார். சிறுகதைகளால்தான் அவரைப் பலருக்குத் தெரியும், இந்த நாவலுக்கு இன்னும் வாசகர்கள் வர வேண்டும் என்பது என் ஆதங்கம். தலைநகரில் வாடகை வீடு தேடியவர்கள், அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி நடந்தவர்கள் இதில் தங்கள் பழைய பயத்தைக் கண்டுகொள்வார்கள். உங்கள் வயதுக்கு அந்தக் காலம் அவ்வளவாக ஞாபகம் இருக்காது, அதனால்தான் சொல்கிறேன். இரண்டாவதாக, மலேசியாவிலிருந்து ம. நவீனின் 'பேய்ச்சி', 2019. அங்குள்ள தோட்டத்துத் தமிழர்களைப் பற்றியது. 2020இல் அந்நாட்டு அரசாங்கம் தடைசெய்தது. மொழி சில இடங்களில் கரடுமுரடானது, வீட்டில் எல்லோர் முன்னும் வைத்து வாசிக்கிற புத்தகம் இல்லை. நாம் தேயிலைக்கு வந்தோம், அவர்கள் இறப்பருக்குப் போனார்கள். இருநூறு வருடத்துக்குள் இரண்டு கிளையும் எவ்வளவு ஒன்றாகவும் எவ்வளவு வேறாகவும் வளர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். இமையத்தின் 'செல்லாத பண'த்தையும் சொல்லவேண்டும், நூலகத்தில் ஓரம் கடைசிப் பக்கம் வரை கறுத்த நாவல் அது. தீக்காயப் பிரிவில் கிடக்கும் ஒரு மகளும் வெளியே காத்திருக்கும் குடும்பமும். ஆனால் லீவில் வேண்டாம். அதைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் ஒருவரோடும் பேச மனம் வராது, வீட்டுக்கு வந்ததே வீணாகிவிடும். கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் தொடங்குங்கள்.

வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள், செட்டியார் தெருப் பூபாலசிங்கம் புத்தகசாலை மாதிரி இடங்களில் முதலில் போன் பண்ணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். இந்தியப் புத்தகமென்றால் பின்னட்டையில் உள்ள விலையை மூன்றால் பெருக்கினாலும் காணாது, அதை மனதில் வைத்துக் காசு ஒதுக்குங்கள். பழைய மலையக நூல்கள் பல அச்சில் கிடைக்காது, ஆனால் நூலகம் என்ற இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தம்பியின் போனிலும் திறக்கும். பரிசுப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் நடுவில் விரித்துப் பாருங்கள். பசை ஒட்டிய மொத்தப் புத்தகம் விரியாமல் விறைத்து நின்றால், போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி வாசிக்கிறவருக்கு அது சித்திரவதை. நம் ஊர் ஈரத்தையும் மறக்க வேண்டாம். மார்கழியில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் மழை விடாது, நம் பக்கம் மழை குறைந்தாலும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். சிமெந்துச் சுவரோடு ஒட்டி வைத்த புத்தகம் இரண்டு மாதத்தில் அலையலையாக நெளிந்து பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பு எரிகிற பக்கத்தில், புகை நேரே படாத உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தால் நிற்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.

துப்பறியும் கதைகள், காதல் தொடர்கதைகள், பிறமொழிப் பெருநாவல்களின் மொழிபெயர்ப்புகள் பற்றி நான் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், அவற்றை நான் போதுமான அளவு வாசித்ததில்லை. தம்பிக்குத் துப்பறியும் கதைதான் பிடிக்கும் என்றால் அதை நிறைய வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள், என் சொல்லை எடுக்க வேண்டாம்.

அம்மாவுக்குக் கொடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போகாமல், முதல் இரவு அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். இருபது நிமிடம் போதும். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெரியம்மாவுக்கு நான் அப்படித்தான் 'குமரித்துறைவி'யை வாசித்தேன். பேர்கள் குழம்பிய இடத்தில் நிறுத்தி, "அவன் யாரு, மாப்பிள்ள வீட்டுக்காரனா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் போனபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்துக்கொண்டிருந்தார், நான் வந்ததைக் கவனிக்கவில்லை.